அறுபத்தோராம் கட்டம்

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? படி ஏறும்போது இடுப்பு வலிக்கிறதா?

போன வாரம் போனில் ஒரு பெரிய செய்தி சொன்னேன். நீங்கள் "ஆங், சாப்ட்டேன், சாப்ட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். முப்பத்தொரு வருஷம் மில் சத்தத்தில் உட்கார்ந்த காதோடு போனில் மல்லுக்கட்டியது என் தப்பு. இனிமேல் முக்கியமான விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

செய்தி இதுதான். இந்த நாட்டின் பெண்கள் ரக்பி அணிக்கு என்னை எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். பயிற்சியாளர் நேரிலேயே கேட்டார். வேறு நாட்டில் பிறந்தவள் ஆடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆடலாம். ஐந்து வருஷம் விடாமல் இங்கே குடியிருக்க வேண்டும். எந்த வருஷத்திலும் அறுபது நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. மே மாதக் கடைசியில் எனக்கு ஐந்து வருஷம் முடிகிறது. எங்கள் கிளப் முன்வரிசையில் என்னையும் சேர்த்து மூன்று பேர், மூவரும் மூன்று நாட்டில் பிறந்தவர்கள். ஒருத்திக்கு மட்டும் தாத்தா இங்கே பிறந்தவராம். அவரை அவள் பார்த்ததுகூட இல்லை, ஒரு சர்டிபிகேட்டில் வேலை முடிந்தது. எனக்கு ஐந்து வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை இந்த அணிக்கு ஆடிவிட்டால், பிறந்த நாட்டுக்கு ஆடுவது அநேகமாக முடியாது. யோசித்துவிட்டு எழுதுங்கள். அம்மாவிடம் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

(இங்கே எல்லோரும் என்னை இவர்கள் பாஷையில் 'ஆணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நின்ற இடத்தை விட்டுப் பெயர்க்க முடியவில்லையாம்.)


ஜனவரி 29

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் தோள்பட்டைக்கும் கடிதம் போடு. இடுப்பு பரவாயில்லை. மழை வருமா வராதா என்று ரேடியோவுக்கு முன்னால் அதுதான் சொல்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான். "பல்லுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரே இருக்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவதற்கு ஒரு விளையாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு பந்து வேறு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும், இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிக் கரையேறுவாள் என்று உன் அத்தைமார்கள் உச்சுக்கொட்டின அதே உடம்பை ஒரு நாடு கூப்பிட்டுக் கேட்கிறது. படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மில்லில் வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா, வீட்டு மஸ்டரும் வழக்கம்போல நடக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா கையெழுத்துப் போடுகிறாள், திட்டிக்கொண்டே. உன் பெயருக்கு நேரே இன்றும் விடுப்பு என்று 'வி' போட்டேன். இவ்வளவு நீண்ட விடுப்பு எந்த மில்லிலும் கிடையாது.

விசில் டீச்சர் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் உன் கையில் முதல் பந்தைக் கொடுத்தவர் ஆயிற்றே, உன்னைப் பற்றி விசாரித்தார். டீ குடித்தார். சும்மாதான் வந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், தோள்பட்டையும் நலம், பல்லும் நலம். அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். திட்டுவதற்கு முன் முழுவதும் படியுங்கள். எங்கள் சலவைக்கூடத்தில் என் வேலை முதல் மேஜை. டாக்டர் கோட்டு, நர்ஸ் கோட்டு எதுவானாலும் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். தினம் நானூறு கோட்டு. பேனா, சாவி, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஊர்க் கோட்டையெல்லாம் தடவுகிறவள் என் கோட்டைத் தடவவில்லை. அதில் என் பாஸ்போர்ட் இருந்தது. கொதிநீர்ச் சலவை. வெளியே வந்தபோது அட்டை வெள்ளையாக இருந்தது, முத்திரைகள் மாயம். மேற்பார்வை அக்கா அதை இஸ்திரி போட்டுத் தந்தார். அவருக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

புதுப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாம் வருஷம் நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது நான் வந்தேனே, எத்தனை நாள் இருந்தேன் என்பதற்கு முத்திரை இல்லை. குடிவரவு அலுவலகத்தில் கேட்டால் ஆறு மாதம் ஆகுமாம். ரக்பி சங்கத்தில் ஏப்ரல் 30-க்குள் எல்லாத் தாளும் கேட்கிறார்கள். அறுபது நாளுக்கு உட்பட்டுத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். நினைப்பு அவர்களுக்குப் போதாது.

உங்கள் மஸ்டரில் அந்த இரண்டு மாதமும் நான் தினம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வந்த விமானத்தின் சீட்டுத் துண்டைப் பறித்து அதில் ஒட்டினீர்கள். நான் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்குள் வரத் தேதி போட்ட பார்வையாளர் சீட்டு வாங்கினீர்கள், அதையும் ஒட்டாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கங்களை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அசலாகவே அனுப்புங்கள். அது வந்தால் நான் அணிக்குத் தகுதி. வராவிட்டால் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் என் முட்டி என்ன சொல்லுமோ தெரியாது.

டீச்சருக்கு என் வணக்கம்.

உங்கள் மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆரம்பமாம், பயப்பட ஒன்றுமில்லை, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். அதைப் போட்டதிலிருந்து வீட்டில் எங்கே ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

எதிர் வீட்டுத் தச்சர் மாடி கட்டுகிறார். மணல் முழுக்க நம் வாசலில். கேட்டால் "நாளைக்கு எடுத்துடறேன் சார்" என்கிறார். அந்த நாளை வந்து மூன்று வாரம் ஆகிறது. நம் கொல்லைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்றினேன். மில்லில் பழைய சைரனைக் கழற்றி விற்றுவிட்டார்களாம். எனக்கு அது ஓய்ந்ததே தெரியவில்லை, அம்மாதான் சொன்னாள். தபால்காரருக்கு இடமாற்றம் ஆகிவிட்டது, புதியவர் பையன் மாதிரி இருக்கிறார், கதவைத் தட்டாமலே போய்விடுகிறார்.

நீ கேட்ட பழைய மஸ்டர் பரணில் இருக்கும். ஏறிப் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?

பரணில் நீங்கள் ஏற வேண்டாம். இடுப்பில் கம்பி வைத்தவர் ஏணியில் ஏறி எனக்கு ஒரு தாள் எடுத்துத் தர வேண்டியதில்லை. தச்சரைக் கூப்பிடுங்கள், மணல் போட்டதற்குப் பரிகாரமாக ஏறட்டும்.

பயிற்சியாளர் நேற்று முப்பத்திரண்டு பேர் பட்டியலை ஒட்டினார். என் பெயர் இருக்கிறது, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதை அழிக்க வேண்டியது உங்கள் மஸ்டர்தான். தினம் சலவைக்கூடத்திலிருந்து மைதானத்துக்குப் போகும்போது அந்தக் குறியைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 5

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமா? நான் சுகம். இதை உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அவரோடு பேசிப் பேசி என் தொண்டை ஒலிபெருக்கி ஆகிவிட்டது, நான் ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

அந்த நோட்டு பரணிலும் இல்லை, ஒன்றிலும் இல்லை. அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றைக்கே எடுத்துவிட்டார். மத்தியானம் படுத்தால் எடுத்துப் பார்க்கிறார், திரும்ப வைக்கிறார். கேட்டால் "தேடிக்கிட்டிருக்கேன்"னு என்னிடமே சொல்கிறார்.

விசில் டீச்சர் சும்மா வரவில்லை. இங்கேயும் பெண்கள் அணி ஆரம்பித்துவிட்டார்களாம். டீச்சர்தான் ஆள் எடுக்கிறார். "உங்க பொண்ணு வந்தா முன்வரிசை நின்னுடும் சார், நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க"ன்னு கேட்டார். இரண்டு தடவை வந்துவிட்டார். உன் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்கு இந்த ஆட்டம் புரியாது. நீ எங்கே சந்தோஷமாக இருக்கிறாயோ அங்கே இரு. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீ அந்த ஊர்ச் சட்டை போட்டுக்கொண்டால் நமக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. அதை வாயால் சொல்ல அவருக்கு வராது.

தலைக்கு ஒழுங்காக எண்ணெய் வை.

அம்மா


ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

சௌக்கியமா? இங்கே இருவரும் சௌக்கியம்.

இந்தக் கவரில் நான்கு தாள்கள் இருக்கின்றன. மஸ்டரிலிருந்து பிரித்து, நோட்டரியிடம் சீல் வைத்து வாங்கினேன். முப்பத்தைந்து வருஷமாக எழுதும் மஸ்டரில் நான் தாள் கிழித்தது இதுவே முதல் தடவை.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். நோட்டு பரணில் இல்லை. என்னிடமேதான் இருந்தது. டீச்சர் உன்னை இங்கே அணிக்குக் கேட்டு வந்தார். அதை உனக்கு எழுதாமல் மறைத்தேன். நீ அங்கே தகுதி பெறாமல் போனால் இங்கே வந்துவிடுவாய் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஆறு வாரம் அந்தக் கணக்கோடு படுத்து எழுந்தேன்.

மில்லில் எனக்குக் கீழே ஒரு கிளார்க் இருந்தான். தனக்குப் பிடிக்காத ஒரு தொழிலாளியின் வருகை அட்டையை ஒளித்து வைத்து, வந்தவனுக்கு வரவில்லை என்று போட்டான். அவன் மேல் புகார் எழுதியவன் நான். நேற்று நோட்டை எடுத்தபோது அவன் முகம் ஞாபகம் வந்தது. அதே வேலையை நான் பெற்ற மகளுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஒன்றுக்கு மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். செப்டம்பர் மூன்று முதல் அக்டோபர் முப்பத்தொன்று வரை, வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து ஐம்பத்தொன்பது நாள். ஞாபகம் இருக்கிறதா, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்ப்பா"ன்னு அழுதாய். நான்தான் டிக்கெட் தேதியை மாற்றாதே என்று விரட்டினேன். இருந்திருந்தால் அறுபத்தொன்று.

எங்கே ஆடுவது என்பது உன் முடிவு. டீச்சர் கேட்ட விஷயமும் உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு முடிவு செய்.

அப்பா


ஏப்ரல் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தாள்கள் நேற்று வந்தன. இன்றைக்கே சங்கச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். ஐம்பத்தொன்பது. திரும்ப எண்ணினார். ஐம்பத்தொன்பது. ஒவ்வொரு நாளும் என் கையெழுத்து, பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம், இரண்டு முனையிலும் ஒட்டிய சீட்டு. "உன் அப்பா எங்கே வேலை பார்க்கிறார்? எங்கள் ஆபீசுக்கு வருவாரா?" என்று கேட்டார். வெளியே வந்தபோது பயிற்சியாளர் ரப்பரை என் கையில் கொடுத்தார். கேள்விக்குறியை நானே அழித்தேன்.

இப்போது என் பங்கு. நீங்கள் மறைத்ததற்கு நான் கோபப்பட முடியாது, நானும் அதையே மறைத்தேன். டீச்சர் போன நவம்பரிலேயே எனக்கு எழுதிவிட்டார். நான் முடியாது என்று பதில் போட்டேன். நான் அங்கே இருந்தபோது அவரும் நாங்கள் ஏழு பேரும் ஒரு மைதானத்துக்காக நடையாய் நடந்தோம், பூட்டிய கேட்டைத்தான் பார்த்தோம். இங்கே வந்த முதல் வாரம், பஸ்ஸுக்காக நின்ற என்னை ஒருத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தத் தோள் சும்மாவா இருக்கிறது? சனிக்கிழமை வா" என்றாள். அப்படிப் பார்த்து யாரும் அதுவரை சந்தோஷப்பட்டதில்லை அப்பா. இந்தப் பெண்களோடு ஐந்து வருஷம் சேற்றில் புரண்டிருக்கிறேன். இவர்களோடு ஆடத்தான் எனக்கு ஆசை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் வந்துவிடுவேன். அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தேன். எழுதாமலே இருந்தீர்கள். அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால், வீட்டு மஸ்டரில் என் பெயரை என்ன செய்வீர்கள்?

உங்கள் மகள்


மே 14

அன்பு மகளுக்கு,

சாப்பிடுகிறேன். இரண்டு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன், அம்மாவையே கேள். நீ நலம்தானே?

டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ முடியாது என்று எழுதியது அவருக்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டே என்னிடம் வந்திருக்கிறார். நான் விடுவேனா? "ஏன் டீச்சர், பொண்ணு முடியாதுன்னா அப்பன்கிட்ட வர்றதா?" என்றேன். "வேற வழி தெரியல சார், முன்வரிசைக்கு இருக்கிற மூணு பேரும் காத்தடிச்சா பறந்துடுவாங்க" என்றார். கொஞ்ச நேரம் முகம் வாடிப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஆட்டம் இல்லாத மாதத்தில் நீ வந்து அந்த மூன்று பேருக்கும் முட்டித் தள்ளக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். அதற்குச் சட்டத்தில் தடை இல்லையாமே? இப்போதெல்லாம் அவர்கள் பூட்டில்லாத மைதானத்தில் ஆடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

தச்சர் மணலை எடுத்துவிட்டார். குழாய் மறுபடி ஒழுகுகிறது.

அப்பா


ஜூலை 13

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலம். பல் முப்பத்திரண்டும் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

ஆடிவிட்டேன். நேற்று மத்தியானம், எண் பதினேழு. கடைசிப் பதினான்கு நிமிஷம்தான் இறக்கினார்கள். முதல் முட்டலில் எதிரே இருந்தவள் என்னை ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டாள். ஆணிக்கே இந்தக் கதியா என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். இரண்டாவதில் நான் நகரவில்லை. மூன்றாவதில் அவள் நகர்ந்தாள். நாங்கள் ஜெயித்தோம். மேற்பார்வை அக்கா சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என் சட்டையைத் தானே துவைப்பேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். பை இல்லாத சட்டை, பயமில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து இந்த நாட்டின் தேசிய கீதத்தைப் போட்டார்கள். வார்த்தை தப்பாமல் பாடினேன். பாடும்போது உங்களைத்தான் நினைத்தேன்.

அப்பா, நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் வரவில்லை. பரவாயில்லை.

உங்கள் மகள்


ஜூலை 26

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் பரம சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் ஆட்டத்தைப் பார்க்கத் தச்சர் தன் புது மாடியில் டிவியை வைத்துத் தெருவையே கூப்பிட்டிருந்தார். டீச்சரும் அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, நீ குனியும்போதெல்லாம் "முதுகப் பாருங்க, முதுகப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் நீங்கள் வரிசையாக நின்று வாயசைத்தது தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்து, "அது நம்ம பாட்டு இல்லைங்க, உக்காருங்க" என்றாள். "எம்பொண்ணு நிக்கிறா, நான் உக்காந்திருக்கவா?" என்றேன். அதன் பிறகு அவளும் எழுந்தாள். மாடியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். உடனே எழுத வரவில்லை, அதனால்தான் தாமதம். மில்லில் ஒரு ஆள் நின்றுவிட்டால் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்டு அடிப்போம். வேறு மில்லுக்கு மாற்றிப் போனால் அடிக்க மாட்டோம். இடமாற்றம் என்று எழுதுவோம். அவனுடைய சர்வீஸ் முறியாது, முதல் நாளிலிருந்து தொடரும். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மஸ்டரைத் திறந்து, உன் பெயருக்கு நேரே 'வி' போடுவதை நிறுத்தினேன். இடமாற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாவும் போட்டாள். திட்டவில்லை.

இனிமேல் உனக்கு நாள் கணக்கு இல்லையே. டீச்சரின் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க எப்போது வருவாய் என்று எழுது. உனக்குப் புதுப் பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அறுபதோடு நிறுத்தவில்லை, அறுபத்தோராம் கட்டமும் இருக்கிறது. இந்தத் தடவை நான் விரட்ட மாட்டேன்.

அப்பா